வால்வு கெடவில்லை, கீழ்நீர் மட்டம் ஏறியிருக்கிறது

கேள்வி: என் மனைவிக்கு வயது 63. வலது கண்ணில், கண்ணழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் கிளாக்கோமா நோய்க்காக முன்பு செய்த டிராபெகுலெக்டமி என்னும் வடிகால் அறுவை சில ஆண்டுகளில் பலன் இழந்துவிட்டதால், பத்து வாரங்களுக்கு முன், கண்ணுக்குள் இருக்கும் நீரை வடிக்கும் அஹமது வால்வு என்னும் சிறு கருவியைப் பொருத்தினார்கள். மறுநாள் கண்ணழுத்தம் 7, இரண்டாம் வாரம் 11, ஆறாம் வாரம் 27. டைமோலாலும் டார்ஸோலமைடும் கலந்த சொட்டு மருந்தைத் தொடங்கிய பின் இப்போது 19. கருவியின் தகட்டின் மேல் மேடு நன்றாகத் தெரிகிறது என்கிறார் மருத்துவர். கருவியின் விளக்கத் தாளில், வால்வு 8 முதல் 12 வரையிலான அழுத்தத்தில் திறக்கும் என்றும், வெஞ்சுரி தத்துவத்தில் இயங்குகிறது என்றும் இருக்கிறது. அப்படியானால் 27 எப்படி வந்தது? வால்வு அடைத்துக்கொண்டதா? என் மைத்துனருக்கு மதுரையில் தயாராகும் வேறொரு கருவியை வைத்து, அதன் குழாயை நூலால் கட்டியே விட்டிருக்கிறார்கள். குழாயை வைத்துவிட்டு அதைக் கட்டுவானேன்? இரண்டில் எது நல்லது? மனைவிக்கு இளவயதில் இழுப்பு இருந்தது. இப்போது நாள்தோறும் யோகாசனம் செய்கிறார். அதைத் தொடரலாமா?

– பொதுப்பணித்துறையின் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். டைமோலால் கண்ணில் விடும் மருந்துதான் என்றாலும், கண்ணின் உள்மூலையில் இருக்கும் கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இழுப்பு உள்ளவர்களுக்கு அது மூச்சுக் குழாய்களைச் சுருக்கக்கூடும். நாடித் துடிப்பையும் குறைக்கக்கூடும். இளவயதில் இருந்த இழுப்பைப் பற்றி அறுவை செய்த மருத்துவரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்திலிருந்து தெரியவில்லை. சொல்லவில்லை என்றால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் நாளைக் காலையே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். டைமோலால் கலக்காத மாற்று மருந்துகள் உண்டு. அவருக்கு இப்போதே இரவில் இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் இன்றைக்கே பேசுங்கள். மருத்துவரைக் கேட்காமல் சொட்டு மருந்தைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம்; அழுத்தம் மீண்டும் 27-க்குப் போய் நிற்பதும் பார்வை நரம்புக்குக் கேடுதான்.

இனி வால்வுக்கு வருகிறேன். தாங்கள் பாசனப் பிரிவில் இருந்தவர் என்பதால், மற்றவர்களிடம் நான் மேலோட்டமாகச் சொல்லி நகர்ந்துவிடும் சில கணக்குகளைத் தங்களிடம் விரிவாகவே சொல்லலாம்.

கண்ணின் முன்பகுதியில் ஓடும் நீர் கண்ணீர் அல்ல. கண்மணியைச் சுற்றியுள்ள வண்ணத் திரையான ஐரிஸுக்குப் பின்னால் இருக்கும் சிலியரி உறுப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோலிட்டர் அளவில் அது சுரக்கிறது. இரவில் தூங்கும்போது சுரப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். நாள் முழுவதும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிரம்பாது. அந்த நீர் கண்மணி வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழியும் ஐரிஸும் சந்திக்கும் கோணத்தில் இருக்கும் சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து, வெண்விழியின் மேலுள்ள சிறு சிரைகளில் கலக்கிறது. முன்னறையின் கொள்ளளவு கால் மில்லிலிட்டர்தான். வரத்தும் வடிகாலும் சமமாக இருக்கும் வரையில் அழுத்தம் 10-க்கும் 21-க்கும் இடையில், மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில், நிலையாக நிற்கிறது. கிளாக்கோமாவில் பெரும்பாலும் வரத்து கூடுவதில்லை, வடிகால்தான் தூர்ந்துபோகிறது.

புதிய வடிகாலாக வைக்கப்படும் கருவியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, முன்னறைக்குள் நுனி நீட்டிக்கொண்டிருக்கும் சிலிக்கோன் குழாய். அதன் உள்விட்டம் 0.3 மி.மீ. மற்றொன்று, கண்ணின் மேல்பகுதியில், கருவிழியின் ஓரத்திலிருந்து 8 முதல் 10 மி.மீ. பின்னால், மெல்லிய சவ்வுக்கு அடியில் வெண்விழியோடு தைத்து வைக்கப்படும் தகடு. தகட்டைக் கண்டதும் பலரும் அதைக் குழாயைத் தாங்கும் அடிப்பலகை என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்தத் தகடும், அதைச் சுற்றி உடம்பு கட்டிக்கொள்ளும் உறையும்தான். தங்கள் மனைவியின் 27-க்கான விடையும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் குழாயின் கணக்கைப் பார்த்துவிடுவோம். மைத்துனரின் குழாயை ஏன் கட்டினார்கள் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

0.3 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு 2.5 மைக்ரோலிட்டர் ஓடினால், அதன் வேகம் நொடிக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். எறும்பு இதைவிட விரைவாக ஊரும். ஓட்டத்தின் உந்தத்துக்கும் பாகுநிலை என்னும் உள்உராய்வுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும் ரேனால்ட்ஸ் எண் கால் அளவுதான் வரும். தாங்கள் வாய்க்கால்களில் கண்ட லட்சக்கணக்கான எண்களோடு ஒப்பிட்டால், இது வேறோர் உலகம். இங்கே பாகுநிலை மட்டுமே ஆட்சி செய்கிறது. குறுகிய குழாயில் ஓட்டத்துக்கும் அழுத்த இழப்புக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் பாய்சுயிலின் விதிப்படி ஓட்டம் நடக்கிறது. அந்த விதியில், முன்கண் நீரின் பாகுநிலையைத் தண்ணீருக்குச் சமமாகக் கொண்டு 10 மி.மீ. நீளக் குழாய்க்குக் கணக்கிட்டால், இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த இழப்பு மில்லிமீட்டர் பாதரசத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் வருகிறது. அதாவது குழாய்க்குத் தடை என்று எதுவுமே இல்லை. தடுப்பு ஏதுமின்றி அதைத் திறந்தே விட்டால், கண்ணழுத்தம் வெளித்திசுவின் அழுத்தத்துக்கே இறங்கிவிடும். முன்னறை வற்றி, லென்ஸும் ஐரிஸும் கருவிழியின் பின்புறத்தில் போய் ஒட்டும்; பின்பகுதியில், விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக் குழாய்ப் படலமான கோராய்டு நீர் கோத்து உப்பும்; சில கண்களில் அங்கே இரத்தக் கசிவும் ஏற்படும். மதகுக்குப் பலகை போடாமல் கண்மாயைத் திறந்துவிட்டதற்கு ஒப்பானது இது.

குழாயையே சிறியதாகச் செய்துவிடக் கூடாதா என்று கேட்பீர்கள். விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. அதே 10 மி.மீ. நீளத்தில் 5 மி.மீ. பாதரச அளவுக்குத் தடை வேண்டும் என்றால், உள்விட்டம் 65 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு வர வேண்டும். அந்த வழியில் போன கருவிகளும் இருக்கின்றன. ஜெலட்டினால் ஆன ஸென் குழாயின் உள்விட்டம் 45 மைக்ரான், பிரெசர்ஃப்ளோ குழாயின் உள்விட்டம் 70 மைக்ரான். அவற்றில் தகடு கிடையாது, வால்வும் கிடையாது. நீளமும் விட்டமுமே கட்டுப்பாடு. ஆனால் ஏற்கெனவே அறுவை செய்து தழும்பேறிய கண்ணில் தகடுள்ள கருவியையே பெரும்பாலும் நாடுகிறோம்.

தகட்டை இவ்வளவு பின்னால் கொண்டுபோய் வைக்கும் யோசனை தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பணியாற்றிய ஆண்டனி மோல்டினோவுடையது. 1969-இல் அவர் வெளியிட்ட முதல் வடிவத்தில் தகடு கருவிழியின் ஓரத்திலேயே இருந்தது. அங்கே சவ்வு அரித்துக் கருவி வெளியே தெரியத் தொடங்கியதால், 1973-இல் நீண்ட குழாயோடு தகட்டைப் பின்னுக்குத் தள்ளினார். இன்றுவரை வந்த தகட்டுக் கருவிகள் எல்லாம் அந்த ஏற்பாட்டின் வழிவந்தவையே. 1990-களின் தொடக்கத்தில் பெரிய தகட்டோடு பேர்வெல்ட் கருவி வந்தது. 1993-இல் வால்வோடு அஹமது கருவி வந்தது. மைத்துனருக்கு வைத்திருப்பதாகத் தாங்கள் குறிப்பிடும் மதுரைத் தயாரிப்பு, அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்த ஆரோலேப் நிறுவனத்தின் கருவியாக இருக்க வேண்டும். அது 350 சதுர மி.மீ. தகடுள்ள பேர்வெல்ட் 350-இன் அமைப்பைப் பின்பற்றியது, வால்வு இல்லாதது, இறக்குமதிக் கருவிகளைவிட விலை மிகக் குறைவு. விலை குறைவு என்பதால் தரத்தில் ஐயம் வேண்டியதில்லை.

வால்வு இல்லாத கருவியில் முதல் சில வாரங்களுக்குத் தடை ஒன்று வேண்டும். அதற்காகத்தான் விக்ரில் என்னும் கரையும் நூலால் குழாயை இறுகக் கட்டுகிறார்கள். நூல் ஐந்து ஆறு வாரங்களில் கரைந்து கட்டு விடும். அதற்குள் தகட்டைச் சுற்றி உடம்பு தானே ஓர் உறையைக் கட்டி முடித்திருக்கும். கட்டு அவிழும்போது அந்த உறை தடையாக நிற்கும். இடைப்பட்ட வாரங்களில் அழுத்தம் ஏறாமலிருக்கச் சொட்டு மருந்தைத் தொடர்வார்கள். சில மருத்துவர்கள் கட்டுக்கு முன்னால் குழாயில் ஊசியால் சிறு கீறல்கள் போட்டுவைப்பதும் உண்டு. அழுத்தம் ஏறினால் அவை சற்றே வாய்திறந்து கசிய விடும், தடுப்புச் சுவரில் நீர் கசிய விடும் துளைகளைப் போல. கட்டு விடும் நாளில் அழுத்தம் சட்டென்று இறங்குவதால் பார்வை மங்கலாம், கண் கனக்கலாம். மைத்துனருக்கு நான்காம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரையில் அப்படி ஏதும் நேர்ந்தால் அன்றைக்கே காட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அஹமது கருவியில் நூலின் வேலையை வால்வு செய்கிறது. இரண்டு மெல்லிய சிலிக்கோன் ஏடுகளை இழுத்துப் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள். அழுத்தம் போதுமான அளவு ஏறினால் ஏடுகள் விலகி நீரை விடும், இறங்கினால் மூடிக்கொள்ளும். தாங்கள் படித்த வெஞ்சுரி பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏடுகள் அமைந்திருக்கும் வால்வு அறையின் நுழைவாயைவிட வெளிவாய் குறுகலாக இருப்பது உண்மைதான். ஆனால் குறுகிய இடத்தில் ஓட்டம் விரைந்து அழுத்தம் குறையும் வெஞ்சுரி விளைவு ஓட்டத்தின் வேகத்தால் வருவது. நொடிக்கு அரை மில்லிமீட்டர் வேகத்தில் கிடைக்கும் பெர்னூலி அழுத்தம், அதாவது வேகத்தால் வரும் அழுத்த வேறுபாடு, ஒரு மில்லிமீட்டர் பாதரசத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. வெளிவாயில் வேகம் சில மடங்கு கூடினாலும் அதனால் ஏட்டை அசைக்க முடியாது. வேலை செய்வது ஏடுகளின் இழுவிசைதான் என்பது என் துணிபு. 8 முதல் 12 என்ற வரம்பும், ஆய்வகத்தில் அளக்கும்போது எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரியாக அமைவதில்லை.

ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், பொருத்துவதற்கு முன் குழாய் வழியே உப்புநீரைச் செலுத்தி அவற்றைப் பிரித்துவிடுவது கட்டாயம். மறுநாள் 7, இரண்டாம் வாரம் 11 என்னும் அளவுகளே தங்கள் மனைவியின் வால்வு திறந்து ஓடியதற்குச் சான்று. அந்த நாட்களில் தகட்டைச் சுற்றி இளகிய திசுதான் இருந்தது. கீழ்ப்புறத்தில் எதிரழுத்தம் இல்லை. வால்வு ஒன்றே தடை. அறுவைக்குப் பின் சில நாட்கள் கண்ணில் நீர் சுரப்பும் குறைவாக இருக்கும்.

அடுத்த நான்கு வாரங்களில் நடந்ததைத் தங்கள் மொழியிலேயே சொல்கிறேன். கண்மாயின் மிகைநீரை வெளியேற்றும் கலுங்கு ஒன்று குறிப்பிட்ட மட்டத்தில் வழியும்படி கட்டப்பட்டிருக்கிறது. கீழே வாய்க்கால் வெறுமையாக இருக்கும் வரையில் கண்மாயின் மட்டத்தைக் கலுங்குதான் தீர்மானிக்கும். வாய்க்கால் நிரம்பிக் கீழ்நீர் மட்டம் கலுங்குக்கு மேலே ஏறிவிட்டால், கண்மாயின் மட்டமும் கூடவே ஏறி நிற்கும். கலுங்கில் ஒரு கல்லும் பெயர்ந்திருக்காது. அது மூழ்கியிருக்கும், அவ்வளவுதான். வால்வு உணர்வது கண்ணுக்குள் இருக்கும் முழு அழுத்தத்தை அல்ல, தனக்கு மேலும் கீழும் உள்ள அழுத்தங்களின் வேறுபாட்டை மட்டுமே. தகட்டைச் சுற்றி நார்த்திசு உறை கட்டி, அதற்குள் நீர் தேங்கி, அந்த நீர்ப்பையின் அழுத்தம் ஏறினால், வால்வு திறந்திருக்கும்போதே கண்ணில் 27 வரும். விளக்கத் தாளில் உள்ள 8 முதல் 12 என்பது கீழ்நீர் இல்லாத கலுங்கின் கணக்கு.

வால்வு அடைத்திருந்தால் நிலைமை நேர்மாறாக இருக்கும். இரத்தக் கட்டியோ, நார்ப்புரதமோ, ஐரிஸின் மடிப்போ குழாயின் நுனியை மூடினால், அல்லது ஏடுகள் ஒட்டிக்கொண்டால், நீர் தகடு வரை வராது. தகட்டின் மேல் மேடு படிந்து தட்டையாகிவிடும். அழுத்தம் அதிகம், மேடு தட்டை என்றால் அடைப்பைத் தேட வேண்டும். அழுத்தம் அதிகம், மேடு உப்பியிருக்கிறது என்றால் நீர் வந்து சேர்ந்திருக்கிறது, வெளியேறத்தான் முடியவில்லை என்று பொருள். மேடு நன்றாகத் தெரிகிறது என்று மருத்துவர் சொன்னதாகத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். வால்வைப் பற்றிய தங்கள் ஐயத்துக்கு அந்த ஒரு வரி போதும். மேடு இமைக்கு அடியில் மறைந்திருந்து சரியாகத் தெரியாத கண்களில் அல்ட்ராசவுண்டு எடுத்துப் பார்ப்பதுண்டு.

இந்த ஏற்றம் எதிர்பாராதது அல்ல. அஹமது கருவி வைத்த கண்களில் பெரும்பகுதியினருக்கு முதல் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடையில் இது வருகிறது. உறை அப்போது தடித்தும் வீங்கியும் இருக்கும். நாளாக ஆக மெலிந்து ஊடுருவ விடும். எல்லோருக்கும் அப்படி மெலிந்துவிடுவதில்லை. கணிசமானோர் ஒன்றோ இரண்டோ சொட்டு மருந்துகளை நிலையாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இதை அறுவைக்கு முன்பே நாங்கள் நோயாளிகளிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். பல வேளைகளில் அவசரத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். சொட்டு மருந்து திரும்பி வந்ததும் அறுவை தோற்றுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மனம் உடைகிறார்கள்.

சொட்டு மருந்து எப்படி வேலை செய்தது என்பதையும் கணக்கிலேயே காட்டலாம். சுவிட்சர்லாந்தின் கோல்ட்மன் வகுத்த சமன்பாட்டின்படி, கண்ணழுத்தம் என்பது நீர்ச் சுரப்பை வடிதிறனால் வகுத்து, அதனோடு வெளிச் சிரைகளின் அழுத்தத்தைக் கூட்டினால் வருவது. சிரைகளின் அழுத்தத்தை 9 என்றும் சுரப்பை 2.5 என்றும் கொண்டால், 27 வருவதற்கு வடிதிறன் 0.14 அளவில் இருந்திருக்க வேண்டும். டைமோலாலும் டார்ஸோலமைடும் சேர்ந்து சுரப்பை ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைக்கின்றன. அப்போது சுரப்பு 1.5. வடிதிறன் மாறவில்லை என்றாலும் அழுத்தம் 20-ஐ ஒட்டி வருகிறது. தங்கள் மனைவிக்கு இப்போது இருப்பது 19. தோராயமான கணக்குதான், ஆனாலும் மருந்து உறையைத் திறக்கவில்லை, வரத்தைக் குறைத்தது என்பதை அது காட்டுகிறது. வரத்து குறைவதில் இன்னொரு நன்மையும் உண்டு. நீர்ப்பைக்குள் அழுத்தம் தணிந்தால் உறையின் மீதுள்ள இழுவிசையும் தணிகிறது, உறை மேலும் தடிப்பது குறைகிறது. இதனாலேயே சிலர் 27 வரும் வரையில் காத்திராமல் அழுத்தம் 10-ஐத் தாண்டியவுடனேயே சொட்டு மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். 19 போதுமா என்பது அவருடைய பார்வை நரம்பு எவ்வளவு சேதமடைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நரம்பைப் பார்க்காமல் நான் அதைச் சொல்வது முறையாகாது.

எது நல்ல கருவி என்ற கேள்விக்கு, எந்தக் கண்ணுக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அஹமது கருவியில் பெரிதும் பயன்படும் வடிவத்தின் தகட்டுப் பரப்பு 184 சதுர மி.மீ.; மதுரைக் கருவியுடையது 350. நீர் உறையின் சுவர் வழியே ஊறி வெளியேறுவதால், பரப்பு கூடினால் வடிதிறனும் கூடும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பேர்வெல்டில் 500 சதுர மி.மீ. தகட்டையும் வைத்துப் பார்த்தார்கள். 350-ஐ விட நல்ல பலன் கிடைக்கவில்லை. நீர்ப்பை பெரிதாகும்போது அதே அழுத்தத்துக்குச் சுவரின் இழுவிசை கூடி உறை தடித்துவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அஹமது கருவியையும் பேர்வெல்ட் 350-ஐயும் ஒப்பிட்ட ஏபிசி ஆய்வில், ஐந்து ஆண்டுகளின் முடிவில் சராசரி அழுத்தம் முறையே 14.7, 12.7 என்று வந்தது. பெரிய தகடு இன்னும் கீழே இறக்குகிறது. ஆனால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிப் பார்வை கெடும் ஆபத்து அதில்தான் அதிகம். உடனடியாக அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டிய கண்ணுக்கு வால்வுள்ள கருவி வசதி. ஐந்து வாரம் பொறுக்கக்கூடிய, மிகக் குறைந்த அழுத்தம் தேவைப்படும் கண்ணுக்கு மற்றது வசதி. தங்கள் மனைவிக்கும் மைத்துனருக்கும் வேறு வேறு கருவி வைத்ததில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை.

யோகாசனத்தைப் பற்றி: நடை, மூச்சுப் பயிற்சி, உட்கார்ந்து செய்யும் ஆசனங்கள் ஆகியவற்றை மருத்துவர் அனுமதித்த பிறகு தொடரலாம். சிரசாசனம், சர்வாங்காசனம் போலத் தலை தாழ்ந்து நிற்பவை கூடாது. கோல்ட்மன் சமன்பாட்டின் கடைசி உறுப்பான சிரை அழுத்தம் அப்போது ஏறிவிடுகிறது. குழாயோ தகடோ அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. சிரசாசனத்தில் கண்ணழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காவது அளந்து அறியப்பட்டிருக்கிறது.

கண்ணைக் கசக்குவதும், யாரோ சொன்னார்கள் என்று மேட்டைத் தாங்களாக அமுக்கிவிடுவதும் வேண்டாம். சொட்டு விட்டபின் இரண்டு நிமிடம் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். மருந்து உடம்பில் கலப்பது குறையும். இன்னும் பல ஆண்டுகளுக்குப் பிறகும்கூட, கண் சிவந்து வலித்தாலோ, பீளை தள்ளினாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ, மேல் இமையைத் தூக்கிப் பார்க்கும்போது குழாய் சவ்வுக்கு வெளியே பளிச்சென்று தெரிந்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. திறந்த குழாய் வழியே கிருமி நேராகக் கண்ணுக்குள் போய்விடும். அடுத்த பரிசோதனையில் அழுத்த அளவோடு, மேடு உப்பியிருக்கிறதா தட்டையாக இருக்கிறதா என்பதையும் கேட்டு, தாங்கள் எழுதிவரும் குறிப்பேட்டில் பக்கத்திலேயே குறித்து வாருங்கள்.

அன்புடன்,
கிளாக்கோமா சிகிச்சைப் பிரிவு மருத்துவர்